சிடுசிடுக்கும் பயண எழுத்தாளர்களை ஏன் நம்புகிறோம்?

போகிற இடமெல்லாம் குறை சொல்லிக்கொண்டே போகும் பயண எழுத்தாளர்களை, எல்லாவற்றையும் இனிமையாக வருணிப்பவர்களைவிட வாசகர்கள் ஏன் விரும்பிப் படிக்கிறார்கள், அந்த விருப்பம் நியாயமானதுதானா என்பது கேள்வி. பயண நூல்களை நெடுங்காலமாகப் படித்து வருகிறேன் என்பதால், என் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். சிடுசிடுப்பு என்ற குணம் தன்னளவில் ஓர் எழுத்தாளருக்கு எந்தத் தகுதியையும் தருவதில்லை. ஆனால் அவர் அந்த இடத்தில் உண்மையிலேயே பசியோடும் தூக்கமின்மையோடும் இருந்தார் என்பதற்கும், அங்கே யாருக்கும் கடன்பட்டவராக இல்லை என்பதற்கும் அது பல சமயங்களில் ஒரு தடயமாக அமைகிறது. அந்தத் தடயத்தை நம்பித்தான் வாசகர் நூலுக்குள் வருகிறார். வந்தவரைக் கடைசிப் பக்கம்வரை இருத்திவைப்பது, சொல்லப்படும் குறைகளுக்கு எழுத்தாளர் காட்டும் ஆதாரம். தன் கருத்தை வாசகர் மறுப்பதற்கும் போதுமான விவரங்களைக் கொடுத்துவிட்டுச் சிடுசிடுக்கிறவரையே நான் நேர்மையானவர் என்று கொள்கிறேன்.

இந்த வகை எழுத்துக்கு முன்னோடி என்று டோபயஸ் ஸ்மாலெட்டைச் சொல்லலாம். ஸ்காட்லாந்தில் பிறந்து, அறுவை மருத்துவம் பயின்று, நாவலாசிரியராகப் பெயர் பெற்ற அவர், 1763ஆம் ஆண்டில் மனைவியோடு பிரான்சுக்குப் புறப்பட்டார். அதே ஆண்டில்தான் அவருடைய ஒரே மகள் பதினைந்து வயதில் இறந்திருந்தாள். அவருக்கு நுரையீரல் நோயும் இருந்தது. பிரான்சிலும் இத்தாலியிலும் சுற்றியதைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் 1766இல் 2 தொகுதிகளாக வெளிவந்தன. சத்திரக்காரர்களின் பகல் கொள்ளை, குதிரை வண்டிக்காரர்களின் துடுக்கு, அழுக்குப் படுக்கை, படுக்கையில் பூச்சி என்று பக்கத்துக்குப் பக்கம் அவர் பொருமுகிறார். உலகமே வியந்த ரோம் நகரத்துப் பாந்தியன் ஆலயம், மேலே கூரை திறந்த பெரிய சேவல் சண்டைக் களத்தைப்போல இருக்கிறது என்று எழுதினார்.

அதைப் படித்துக் கொதித்தவர்களில் ஒருவர் நாவலாசிரியர் லாரன்ஸ் ஸ்டெர்ன். அவர் 1768இல் வெளியிட்ட தம் பயண நூலில், ஸ்மாலெட்டை ஸ்மெல்ஃபங்கஸ் என்ற பெயரில் ஒரு பாத்திரமாக்கினார். பட்ட கஷ்டங்களை எல்லாம் உலகத்துக்குச் சொல்லப்போகிறேன் என்று அந்தப் பாத்திரம் கத்துகிறது. அதைவிட உங்கள் வைத்தியரிடம் சொல்வது நல்லது என்று கதைசொல்லி பதில் தருகிறார். ஸ்டெர்னின் குற்றச்சாட்டு இலேசானதல்ல. மனம் கசந்தவன் ஊரைப் பார்ப்பதில்லை, தன் கசப்பைத்தான் எங்கும் பார்க்கிறான் என்கிறார் அவர். சிடுசிடுக்கும் பயண எழுத்தாளர்கள்மீது இன்றுவரை வைக்கப்படும் விமர்சனங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியின் விரிவுகள்தான்.

ஆனால் இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. ஸ்டெர்னின் நூல் அழகானது. மனித மனத்தின் நுட்பமான அசைவுகளைக் காட்டுவதில் அதற்கு ஈடு குறைவு. ஆயினும் அன்றைய பிரான்சில் ஒரு குடியானவர் என்ன சாப்பிட்டார், ஒரு வீட்டுக்கு என்ன வாடகை, மழை எந்த மாதத்தில் பெய்தது என்று அறிய வேண்டுமானால் நாம் போக வேண்டியது ஸ்மாலெட்டிடம். அவர் நீஸ் நகரில் தங்கியிருந்தபோது, ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் வானிலையைக் குறித்துவைத்து, அந்தப் பதிவேட்டையே நூலின் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நோயாளிக்குக் கடல் குளியல் உயிருக்கு ஆபத்து என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்த காலத்தில், கடலில் இறங்கிக் குளித்து, அதனால் தமக்குக் கிடைத்த நன்மையையும் எழுதினார். குளிர்காலத்தைக் கழிக்க ஆங்கிலேயர்கள் நீஸ் நகரத்தை நாடத் தொடங்கியதில் அந்தச் சிடுசிடுப்பான நூலுக்கும் பங்கு உண்டு. அவ்வளவு திட்டு வாங்கிய அந்த நகரத்தில் இன்று அவர் பெயரில் ஒரு தெருவும் இருக்கிறது. எரிச்சலுக்கு அடியில் பயன்படும் செய்தி இருந்ததால் இது நடந்தது என்றே நினைக்கிறேன்.

ஸ்மாலெட் எல்லாவற்றையும் வெறுத்தார் என்று நினைத்துவிடக் கூடாது. நீம் நகரிலுள்ள பழைய ரோமானிய ஆலயமான மேஸோன் கார்ரேயைக் கண்டு அவர் மெய்ம்மறந்திருக்கிறார். பாந்தியனைச் சேவல் களம் என்றவர் அப்படிப் பாராட்டும்போது அந்தப் பாராட்டுக்கு எடை கூடிவிடுகிறது. சிடுசிடுப்பவர்களிடம் வாசகருக்குக் கிடைக்கும் முக்கியமான பயன் இதுதான். எல்லா ஊரும் அழகு, எல்லா மக்களும் அன்பு என்று எழுதுகிறவர் ஓர் ஊரை மிக அழகு என்று சொன்னால், அவருடைய மற்ற ஊர்களிலிருந்து அதைப் பிரித்தறிய வாசகருக்கு வழியே இல்லை. இருபது இடங்களைப் பிடிக்கவில்லை என்று சொன்னவர் இருபத்தோராவது இடத்தில் நின்று வாயடைத்துப்போகும்போது, அந்த இடத்தைத் தேடிப்போக நமக்கும் ஆசை வருகிறது.

இதற்கு ராபர்ட் பைரனைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பாரசீகத்திலும் ஆப்கானிஸ்தானிலும் 1930களில் சுற்றி, 1937இல் அதை நூலாக்கியவர் அவர். பாமியானில் பாறையில் குடையப்பட்டிருந்த மாபெரும் புத்தர் சிலைகளில், பின்னாளில் 2001இல் தாலிபான்கள் தகர்த்த அதே சிலைகளில், கலைமதிப்பு எதுவும் தெரியவில்லை என்று அவர் எழுதினார். பண்டைப் பாரசீகத் தலைநகரான பெர்சிபோலிஸின் கல்வேலைப்பாடுகளும் அவரைக் கவரவில்லை. அதே மனிதர், கும்பத்-இ-காபூஸ் என்ற ஆயிரம் ஆண்டுப் பழமையான செங்கல் கோபுரத்தின் புகைப்படத்தைப் பார்த்ததால்தான் பாரசீகத்துக்கே வரத் தீர்மானித்தார். நேரில் கண்டபின் உலகின் மாபெரும் கட்டடங்களின் வரிசையில் அதை வைத்தார். பாமியானைப் பற்றிய அவருடைய தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை அவர் மறைத்திருந்தால் கோபுரத்தைப் பற்றிய தீர்ப்பையும் நம்பியிருக்க மாட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. குறை சொல்பவரை அறிவாளியாகக் கருதும் பழக்கம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. உளவியலாளர் தெரசா அமாபிலே 1983இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நூல் மதிப்புரைகளைப் படித்தவர்கள், பாராட்டி எழுதியவரைவிடக் கண்டித்து எழுதியவரையே அதிக அறிவும் திறமையும் உள்ளவராக மதிப்பிட்டார்கள். பழகுவதற்கு இனியவராக மட்டும் அவரை அவர்கள் கருதவில்லை. பயண எழுத்திலும் இந்த மயக்கம் நன்றாகவே வேலை செய்கிறது. ஒருவர் முகத்தைச் சுளித்தாலே அவருக்கு உயர்ந்த ரசனை இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். சிடுசிடுப்பையே ஒரு வேடமாகப் போட்டுக்கொண்டு, போவதற்கு முன்பே கசப்பான வரிகளைத் தயாரித்து வைத்திருப்பவர்களும் உண்டு. எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் அவர்களுடைய வாக்கியங்கள் பொருந்தும். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும். இவர்களையும் உண்மையான சிடுசிடுப்புக்காரர்களையும் பிரித்தறிய, குறை எவ்வளவு நெருக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த நெருக்கம் எப்படியிருக்கும் என்பதற்கு சாமுவேல் ஜான்சனின் ஸ்காட்லாந்துப் பயணத்தில் ஓர் இடம் வருகிறது; எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. ஆங்கில அகராதி தொகுத்த அந்த ஜான்சன், 1773இல் தம் அறுபத்து மூன்றாம் வயதில், பாஸ்வெல் என்ற இளைய நண்பரோடு ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களுக்கும் மேற்குத் தீவுகளுக்கும் போனார். நூல் 1775இல் வெளிவந்தது. வழியில் பான்ஃப் என்ற ஊரில், அந்நாட்டு வீடுகளின் ஜன்னலைப் பற்றிப் பேச்சை எடுக்கிறார். ஜன்னல் கதவு கீல்களில் திறப்பதில்லை. காடிகளுக்குள் மேலே தள்ளிக் கீழே இழுக்க வேண்டும். தள்ளியதைத் தாங்கி நிறுத்தக் கப்பியோ எடைக்கல்லோ பெரும்பாலும் கிடையாது. காற்று வேண்டுமென்றால் சட்டத்தைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கொஞ்சம் சாமர்த்தியமான வீட்டுக்காரராக இருந்தால், ஓர் ஓட்டை போட்டு அதில் ஆணி செருகிவைத்திருப்பார்.

இதிலிருந்து ஜான்சன் செல்லும் திசைதான் கவனிக்கத்தக்கது. கூடுதல் சிரமம் எடுத்தால்தான் நடக்கும் என்ற காரியத்தை மனிதர்கள் அடிக்கடி செய்யமாட்டார்கள். ஆகவே ஜன்னல்கள் மூடியே கிடக்கின்றன, வீட்டுக்குள் காற்றோட்டம் இல்லை, புதிதாக வருகிறவருக்கு மூச்சு முட்டுகிறது என்கிறார். அழுக்கான மக்கள் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு முன்னும் பின்னும் பலர் அப்படித்தான் செய்தார்கள். அவரோ பழியை மக்களின் குணத்தின்மேல் போடாமல், தூக்கினால் நிற்காத ஒரு சட்டத்தின்மேல் போடுகிறார். பிறகு, இவ்வளவு அற்பமான விஷயத்தை எழுதுவது எழுத்தின் கௌரவத்தைக் குறைப்பதாகத் தோன்றலாம் என்று தாமே ஒப்புக்கொண்டு, அதற்குப் பதிலும் சொல்கிறார். பெரிய செயல்களும் நேர்த்தியான இன்பங்களும் வாழ்க்கையில் கொஞ்சம்தான். நம் நேரத்தில் பெரும்பகுதி அன்றாடத் தேவைகளிலும் சின்னச் சின்னத் தொந்தரவுகளிலும் கழிகிறது. ஒரு நாட்டின் உண்மையான நிலை அங்குள்ள சாதாரண வாழ்க்கையின் நிலைதான் என்பது அவர் வாதம். சிடுசிடுப்பான பயண எழுத்துக்கு இதைவிட நல்ல நியாயத்தை யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. தொந்தரவு பட்டவன்தான் ஜன்னலின் அமைப்பைக் கவனிப்பான். சௌகரியமாகத் தூங்கியவனுக்கு ஜன்னல் ஒன்று இருந்ததே நினைவிருக்காது.

அதே ஜான்சன், மரமே இல்லாத நிலம் என்று ஸ்காட்லாந்தைப் பற்றி ஓயாமல் முணுமுணுக்கிறார். ஒஸியன் என்ற பழங்காலக் கவிஞர் பாடியதாகச் சொல்லி ஜேம்ஸ் மக்ஃபர்சன் வெளியிட்ட கவிதைகளின் மூலச்சுவடியைக் காட்டச் சொல்லி, காட்டாததால் அவை பழங்கவிதைகளே அல்ல என்று எழுதி, ஒரு நாட்டின் பெருமிதத்தையே சீண்டினார். அந்தக் கவிதைகள் பெருமளவுக்கு மக்ஃபர்சனின் ஆக்கமே என்று பிற்காலத்து அறிஞர்களும் கருதினார்கள். ஆனால் 1746இல் மேட்டு நிலத்தாரின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் குலத்தலைவர்களின் அதிகாரம் பறிக்கப்பட்டு, குத்தகை உயர்ந்து, குடும்பம் குடும்பமாக மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதைப் பற்றி எழுதும்போது அவர் குரல் கனிந்துவிடுகிறது. மக்கள் ஏன் போகிறார்கள் என்று விசாரிக்கிறார், நிலக்காரர்களின் பேராசையைக் கண்டிக்கிறார், ஒரு தேசம் காலியாவதை நினைத்து வருந்துகிறார். மரமில்லை என்று முணுமுணுத்த கண்ணே ஆளில்லாமல் போகும் கிராமங்களையும் பார்க்கிறது. எரிச்சலையும் பரிவையும் எதிரெதிரானவை என்று நினைப்பது தவறு என்பதற்கு இந்த நூல் போதும்.

இரவல் கண்களால் பார்க்க மறுப்பது சிடுசிடுப்பவர்களின் இன்னொரு கவர்ச்சி. மார்க் ட்வைன் 1867இல் குவேக்கர் சிட்டி என்ற கப்பலில் அமெரிக்கச் சுற்றுலாக் கூட்டத்தோடு ஐரோப்பாவுக்கும் பாலஸ்தீனத்துக்கும் போய்வந்தார். 1869இல் வெளியான நூலின் முன்னுரையில், முன்னால் போனவர்களின் கண்களால் அல்லாமல் சொந்தக் கண்களால் பார்த்தால் வாசகருக்கு அந்த நாடுகள் எப்படித் தெரியுமோ அதைக் காட்டுவதே தம் நோக்கம் என்று அறிவித்தார். மிலான் நகரில் டாவின்சியின் இறுதி விருந்து ஓவியத்தின் முன் நிற்கிறார். சுவரில் வண்ணம் உதிர்ந்து, முகங்கள் மங்கிப் போயிருக்கின்றன. பக்கத்தில் அமர்ந்து பிரதி எடுக்கும் ஓவியர்களின் படங்கள் மூலத்தைவிட நன்றாக இருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் என்ன முகபாவம், என்ன வண்ணம் என்று உருகுகிறார்கள். இல்லாத ஒன்றை இவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அவர் கேட்கிறார். கலிலேயா ஏரிக்குப் போனபோது, அதைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பூரிப்பான வருணனைகளை எடுத்துவைத்து, கண்முன் இருந்த வறண்ட மலைகளோடும் பாழ்நிலத்தோடும் ஒப்பிடுகிறார். ஒவ்வொருவரும் தம் சமயப் பிரிவுக்கு ஏற்ற பாலஸ்தீனத்தை மனத்தில் சுமந்துவந்து அதையே கண்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. அந்தப் பக்கங்கள் எனக்கு மிகுந்த நிம்மதியைத் தருகின்றன. புகழ்பெற்ற ஓரிடத்தின் முன் எதுவும் தோன்றாமல் நின்றதற்காக உள்ளூர வெட்கப்பட்டவர்கள் பலருக்கும் அந்த நிம்மதி கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

பணத்தையும் பேசாமல் இருக்க முடியாது. விமானச் சீட்டும் விடுதி அறையும் இலவசமாகக் கிடைத்தபின் அந்த விடுதியைக் குறை சொல்வதற்கு அசாதாரணத் துணிவு வேண்டும். அடுத்த அழைப்பும் அதைப் பொறுத்தே இருக்கிறது. இதனால்தான் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் பயணப் பகுதிக்கு எழுதுகிறவர்கள் இலவசப் பயணங்களை ஏற்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் தன் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, இணையத்தில் எழுதுகிறவர்களும் தாங்கள் பெற்ற சன்மானத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. இந்திய விளம்பரத் தர மன்றமும் 2021இல் அதே போன்ற நெறிகளைக் கொண்டுவந்தது. இவ்வளவுக்குப் பிறகும் வாசகருக்கு எஞ்சுவது சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தோடு இருப்பவருக்கு, அறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிற ஒருவரைக் கண்டால் ஆறுதல் வருவது இயல்பு. நேர்மைக்குச் சிடுசிடுப்பு கட்டாயம் என்றும் இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். ஜெர்மனியில் பயணக் கையேடுகள் வெளியிட்ட கார்ல் பெடெக்கர், மிலான் பேராலயத்தின் படிகளை ஏறும்போது, இருபது படிக்கு ஒரு பட்டாணி வீதம் மேல்சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டு எண்ணினாராம். இறங்கும்போது அதையே திருப்பிச் செய்து சரிபார்த்தாராம். 1847இல் அவரை அங்கே கண்ட ஒருவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். முகம் சுளிக்காமலேயே நம்பிக்கையைச் சம்பாதித்த மனிதர் அவர்.

பயணத்தின் சலிப்பை ஒளிக்காமல் எழுதியவர்களில் ஆங்கில நாவலாசிரியர் ஈவ்லின் வா முக்கியமானவர். இன்று எத்தியோப்பியா எனப்படும் அபிசீனியாவில் 1930இல் நடந்த முடிசூட்டு விழாவுக்குப் போய்வந்து 1931இல் எழுதிய நூலில், விழாவுக்கு இணையாக, கெட்ட கனவு என்று பெயரிட்ட தனிப் பகுதிகளை வைத்து, வழியில் மாட்டிக்கொண்டு காத்துக்கிடந்த நாள்களின் அலுப்பை எழுதினார். பெரும்பாலான நூல்கள் இந்த நாள்களை வெட்டி எறிந்துவிடுகின்றன.

இனி, இந்த எழுத்து தவறிப்போகும் இடங்களுக்கு வருகிறேன். இந்திய வாசகர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. டிரினிடாடில் பிறந்த வி. எஸ். நைபால், தம் முன்னோர்களின் நாட்டை முதன்முறையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு 1964இல் வெளியிட்ட நூலில், இங்குள்ள அழுக்கையும் அலட்சியத்தையும், கண்முன் இருப்பதைக் காணாமல் விடும் பழக்கத்தையும் மன்னிக்காமல் எழுதினார். நூலுக்கு இங்கே தடையும் வந்தது. அதற்கு எழுந்த பதில்களில் மிகச் சிறந்ததாக நான் கருதுவது பம்பாய்க் கவிஞர் நிஸிம் எஸிகியேல் எழுதிய கட்டுரை. நைபால் கண்ட இருள் அத்தனையும் இங்கே உண்டு என்று அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அவருடைய வழக்கு வேறு: நைபால் எதிலும் ஈடுபடாமல், யாரைப் பற்றியும் அக்கறைப்படாமல், தம் சொந்தச் சிக்கலின் வழியாக மட்டுமே எல்லாவற்றையும் பார்க்கிறார் என்பது. ஒரு நூலைத் தடை செய்வதைவிட அதற்கு இப்படிப் பதில் எழுதுவது எவ்வளவோ மேல். பதில் எழுத முடிந்ததற்குக் காரணம், நைபால் மனிதர்களையும் உரையாடல்களையும் விவரமாகப் பதிந்துவைத்திருந்ததும்தான். அதன்பின் 1990இல் வெளியான மூன்றாவது இந்திய நூலில் நைபால் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைப் பேசவிடுகிறார். சென்னையில் பிராமணர் எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் அதன் மறுபக்கத்தில் நின்றவர்களும் பக்கம் பக்கமாகத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். முதல் நூலின் கூர்மையைப் பாராட்டுகிறவர்கள் இதை மங்கிய நூல் என்பார்கள். என் பார்வையில் மூன்றாவதே அதிகம் காண்கிறது.

யாரைப் பார்த்துச் சிடுசிடுக்கிறார் என்பதும் முக்கியம். மார்க் ட்வைன் சக பயணிகளையும் கையேடு எழுதியவர்களையும் கேலி செய்யும்போது உடன்வருகிற நான், பாலஸ்தீனத்துக் கிராமங்களில் கண்நோயோடு நின்ற ஏழை மக்களை அவர் அருவருப்போடு வருணிக்கும்போது நின்றுவிடுகிறேன். திருப்பிப் பதில் சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை. பிரான்சஸ் டிரோலப்பின் நிலை வேறு. சின்சினாட்டியில் தொழில் தொடங்கி நொடித்துப்போய் இங்கிலாந்து திரும்பிய அந்தப் பெண்மணி, 1832இல் அமெரிக்கர்களைப் பற்றி எழுதிய நூலில், தெருவில் திரியும் பன்றிகளையும் ஓயாமல் எச்சில் துப்பும் ஆண்களையும் பற்றிப் பொரிந்து தள்ளினார். அதோடு, ஒரு கையால் சுதந்திரத்தின் சின்னமான தொப்பியை உயர்த்திக்கொண்டு மறு கையால் அடிமைகளைச் சவுக்கால் அடிக்கிறார்கள் என்றும் எழுதினார். அமெரிக்கப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் அவரைத் திட்டின. மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய 1883ஆம் ஆண்டு நூலுக்காக எழுதி, அச்சில் சேர்க்காமல் விடப்பட்ட பகுதியில், அவர் உண்மையைத்தான் சொன்னார், நாட்டுக்கும் அது தெரியும் என்று மார்க் ட்வைன் எழுதியிருக்கிறார். தன்னைக் காத்துக்கொள்ளும் பலமுள்ள ஒரு சமூகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்ட குறை, ஐம்பது ஆண்டுக்குப் பின் அந்தச் சமூகத்திலேயே சாட்சி கண்டது.

எழுத்தாளர் தம் சிடுசிடுப்பின் காரணத்தையே மறைக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. பால் தெரூ 1975இல் வெளியிட்ட ரயில் பயண நூல், ஐரோப்பாவிலிருந்து ஆசியா முழுவதையும் ரயிலில் சுற்றிவந்த ஒரு முசுட்டு மனிதரின் குரலில் எழுதப்பட்டுப் புகழ்பெற்றது. முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து அதே வழியில் திரும்பப் போய் 2008இல் எழுதிய நூலில்தான், முதல் பயணத்தின்போது தம் மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்ததை அவர் வெளிப்படுத்தினார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஊர்கள்மேல் விழுந்த எரிச்சலில் ஒரு பகுதி வீட்டிலிருந்து வந்தது என்று வாசகர் அப்போதுதான் அறிந்தார். ஸ்மாலெட், ஈடுசெய்ய முடியாத ஒரு குடும்பத் துயரோடு புறப்படுவதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வரி இருப்பதால், சத்திரக்காரர்மேல் அவர் கொட்டும் கோபத்தில் எவ்வளவைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் தெரூவைவிட அவரே நேர்மையானவர் என்பேன்.

இதுவரை சொன்ன சிடுசிடுப்புக்காரர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதியவர்களாகவே இருப்பதால் இது மேற்கத்தியக் குணம் என்று தோன்றலாம். பதினான்காம் நூற்றாண்டின் மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா போதும் அந்த எண்ணத்தை மாற்ற. மாலி நாட்டு மன்னர் வரவேற்புப் பரிசு அனுப்பியிருக்கிறார் என்றதும் அங்கிகளும் பணமும் வருமென்று எழுந்து நின்ற அவர், வந்தது மூன்று ரொட்டியும் ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சியும் ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தயிரும் என்று கண்டு சிரித்துவிட்டதாகச் சொல்கிறார். மன்னர் கஞ்சர் என்று பதிவும் செய்கிறார். ஆனால் அதே பகுதியில், அந்த நாட்டில் அநியாயம் மிகக் குறைவு, வழிப்போக்கருக்குக் கள்ளர் பயமில்லை என்று பாராட்டி, பிடித்தவற்றையும் பிடிக்காதவற்றையும் தனித்தனியே சொல்கிறார். மதுரை சுல்தானாக இருந்த கியாசுதீன், இப்னு பதூதாவின் மனைவிக்குச் சகோதரி முறையானவரின் கணவர். பிடிபட்டவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் அந்த சுல்தான் கொன்றதை, வேறெந்த அரசரும் செய்து தாம் அறியாத அருவருப்பான செயல் என்று இப்னு பதூதா கண்டிக்கிறார். அதைச் சொன்னபோது அவர் மொராக்கோவில் பத்திரமாக இருந்தார் என்பதும் உண்மை. ஆனாலும் உறவுக்காக மறைக்கவில்லை.

இந்த வகை எழுத்தில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், ஜான்சனின் ஸ்காட்லாந்து நூலைச் சொல்வேன். அதற்கு வேறு எந்தச் சிடுசிடுப்புக்காரரின் நூலுக்கும் இல்லாத வசதி ஒன்று இருக்கிறது. உடன்போன பாஸ்வெல்லும் குறிப்பெடுத்துக்கொண்டே வந்து, ஜான்சன் இறந்தபின் 1785இல் தம் நூலை வெளியிட்டார். ஜான்சன் நிலத்தையும் மக்களையும் எழுதுகிறார், பாஸ்வெல் ஜான்சனை எழுதுகிறார். அளவு குறித்து வைத்திருந்த தம் கைத்தடி மல் தீவில் காணாமல் போனதும், இந்தத் தீவில் இவ்வளவு பெரிய மரத்துண்டு கிடைத்தால் யார் திருப்பித் தருவார்கள் என்று கிழவர் புலம்பியதெல்லாம் பாஸ்வெல்லிடம்தான் கிடைக்கிறது. ஒரு நாளைய பயணத்தை முதலில் ஜான்சனிடமும் உடனே பாஸ்வெல்லிடமும் படித்துக்கொண்டு போனால், ஊரின் குறை எவ்வளவு, அன்றைக்கு அந்த மனிதருக்கு இருந்த மனநிலை எவ்வளவு என்று நாமே பிரித்துப் பார்க்க முடியும். அதன்பின் ஸ்மாலெட்டையும் ஸ்டெர்னையும் அதே முறையில் இணையாகப் படிக்கலாம். நைபாலை, எஸிகியேலின் கட்டுரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது படிப்பது நல்லது.